வாயில் ஏழு குண்டூசி

எங்கள் மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. ஒன்று என்னுடையது. எதிர்வீட்டில் அக்கா, தங்கை, ஒரு பொம்மை. இரண்டு கதவும் திறந்திருந்தால் என் சோபாவிலிருந்து அவர்கள் கூடம் முழுக்கத் தெரியும். அதற்காகத்தான் சோபாவை அப்படிப் போட்டேன் என்று கீழ்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். வெளிச்சத்துக்காகப் போட்டது. நம்பினால் நம்புங்கள்.

அக்கா தையல்காரி. அப்பா அம்மா போன பிறகு தங்கையை ஆளாக்கியவள். கல்யாணத்துக்கு நேரமில்லை என்பாள். வந்த ஒருவனும் அவள் வாய்க்குப் பயந்து ஓடினான் என்பது எனக்குக் கிடைத்த தகவல். அந்த வாயில் எந்நேரமும் ஏழு குண்டூசி இருக்கும். எண்ணியிருக்கிறேன், எனக்கு வேறென்ன வேலை? ஊசியைக் கடித்தபடியே பேசுவாள், திட்டுவாள், சிரிக்கக்கூடச் செய்வாள். தெருவில் அவள் 'டி' போடாத பெண் கிடையாது. வீடு வாடகைக்கு விட்ட அம்மாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தங்கை ஆஸ்பத்திரி முகப்பில் மைக் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுகிறவள். "முப்பத்தாறு, உள்ள வாங்க" என்று அவள் சொன்னால் இடுப்புவலிக்காரர்கூட விருட்டென்று எழுந்துவிடுவார். அப்படிப்பட்ட குரல்.

இந்த இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எல்லாம் ஜாடைதான். கூடத்து நடுவில் தையலுக்கு அளவு பார்க்கும் தலையில்லாத பொம்மை நிற்கிறதே, அதனிடம் சொல்வார்கள்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கு. ஆறிப்போனா என்னைக் கேக்காதே" என்று அக்கா பொம்மையிடம் சொல்வாள்.

"பசியில்லன்னு சொல்லு" என்று தங்கையும் பொம்மையிடம்தான்.

"எலும்பும் தோலுமா ஒருத்தி ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தா, நோயாளி யாரு, வேலை பாக்குறவ யாருன்னு வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

தங்கை சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு சாப்பிடுவாள்.

காரணம் ஒரு பதில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருந்தவன் தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தான். தங்கைக்குப் பூரண இஷ்டம். வீட்டுக்குப் பெரியவள் என்ற முறையில் அக்காதான் பதில் சொல்ல வேண்டும். சொன்னாள்: "யோசிச்சு சொல்றோம்."

பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் இவள் நிஜமாகவே யோசிக்கத்தான் போனாள். பையன் எப்படி என்று நாலு இடத்தில் விசாரித்தாள், என்னிடமும்தான். பத்தாம் நாள் "சம்மதம்" என்று சொல்லப் புறப்பட்டபோது அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது.

"நீ முடியாதுன்னு சொல்லிட்ட."

"யோசிக்கிறேன்னுதானடி சொன்னேன்!"

"அப்படிச் சொன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

நேருக்கு நேராக அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பைத் தைத்துக் கொடுக்கத்தான் அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு புது உடுப்பு, தங்கையின் பிறந்தநாளன்று பொம்மை மேல் தொங்கும். தங்கையும் போட்டுக்கொண்டு, "கழுத்து இறுக்குது" என்று பொம்மையிடம் குறை சொல்லிவிட்டுப் போவாள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கைக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். வேறு ஊர்க் கிளை, ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். திங்கட்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.

"போறியா என்ன?"

"எனக்குப் போக மனசில்ல, எதிர்வீட்டுக்கா. அவ ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்து 'போகாதே'ன்னு சொல்லட்டும். கிழிச்சுப் போட்டுடறேன்."

"நான் சொல்றேன் அவகிட்ட."

"ஐயோ வேணாம். நீங்க சொல்லி அவ சொன்னா அது கணக்கிலயே வராது. அவளாச் சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்து தொலைத்தேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததில் எனக்கு வயிறே உப்பிவிட்டது.

திங்கட்கிழமை காலை, ஓரம் பிரிந்த தலையணை உறையோடு எதிர்வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓரத்தைப் பிரித்தது யார் என்று கேட்காதீர்கள். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். தங்கை வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து கடிதத்தின் உறை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக நாகரிகமாக நடந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எழுந்து, "சரி, வரேன்டி" என்று வாசல் வரை நடந்தேன். தங்கை பக்கத்தில் நின்றேன். அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் பொம்மை.

மெஷின் நின்றது. அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேலிருந்த சின்ன ஊசி மெத்தையில் குத்தினாள். நான் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் செய்தேன். நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள்.

"போகாதடி. இங்கயே இரு. எனக்கு வேற யாரு இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷப் பழக்கத்தில் இவள் என்னைப் பார்த்து "இன்னும் கெளம்பலையா?" என்றுதான் கேட்டிருக்கிறாள். இரு என்று சொன்னதே கிடையாது.

"இருக்கேன்டி. நான் எங்க போயிடப் போறேன்?" என்று திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்காவின் குரல் கேட்டதும் தங்கை நிமிர்ந்திருந்தாள். ஒன்பது வருஷப் பழக்கம். யாரிடம் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர். பிறகு பொம்மை. பிறகு நாற்காலியில் நான். மைக்கை அணைத்ததுபோல அவள் முகம் அணைந்தது.

"சாயங்காலம் நேரமாகும்னு சொல்லு" என்று பொம்மையிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டாள்.

"தலையணை உறையக் குடு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் தங்கை பெட்டியோடு புறப்பட்டாள். வாசலில் நின்று, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்றாள். அக்கா ஒரு டிபன் டப்பாவைப் பொம்மையின் காலடியில் வைத்தாள். தங்கை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா பொம்மைக்குப் பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் தள்ளிவிட்டாள். கேட்க ஆளில்லாமல் பொம்மையைத் திட்டி என்ன பிரயோஜனம்? என்னிடம் பேசினாள். தினமும் பேசினாள், ஊசியோடு. பதினோராவது நாள் மண்டையில் உறைத்தது: என்னிடம் பேச இவள் ஒருநாளும் ஊசியை எடுத்ததில்லை.

"அன்னைக்கு யாருகிட்டடி போகாதேன்னு சொன்ன?"

"உன்கிட்டதான். வேற யாரு வாய் திறந்து பதில் சொன்னா?"

"ஊசிய எடுத்துட்டுச் சொன்னியே."

மெஷின் நின்றது. "வாய் வலிச்சுது" என்றாள். மறுபடி மிதித்தாள்.

என் வீட்டுக்கு ஓடிவந்து தங்கைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் உட்கார்ந்த நாற்காலி வரை.  அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ இருமுவது கேட்டது.

"நீங்க சொல்லி நான் நம்பினா, அது நீங்க சொன்னதுதானேக்கா?"

"பாவிப் பொண்ணே, ஊசிய எடுத்தாடி! என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்ப போனை அவகிட்ட குடுங்க. ஒரே ஒரு தடவை சொல்லட்டும். நான் இன்னும் பெட்டியக்கூடப் பிரிக்கல."

செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். போனை மெஷின் மேல் வைத்தேன். "உன் தங்கச்சி. உன்கிட்டதான் பேசணுமாம்."

அக்கா போனைப் பார்த்தாள். ஊசிகளை எடுக்க ஆரம்பித்தாள்.  ஏழும் எடுத்தாள். நான் வெளியே வந்து, அவர்கள் கதவைச் சாத்தி, படியில் போய் உட்கார்ந்தேன். காதைக் கதவில் வைக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வைக்கவில்லை. அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, ஒரு சத்தம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது மெஷின் சத்தம்.

உள்ளே போனேன். போன் அணைந்து கிடந்தது. ஊசிகள் வாயில் இருந்தன.

"என்னடி சொன்ன?"

"நல்லாருக்கியான்னு கேட்டேன். இருக்கேன்னா. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். வெச்சுட்டா."

"ஒரு வார்த்தைடி! ஒரே ஒரு வார்த்தை!"

"அன்னைக்குத்தான் சொல்லிட்டேனே" என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு எழுந்து மூலைக்குப் போனாள். போர்வையை எடுத்துவிட்டுப் பொம்மையைக் கூடத்து நடுவுக்கு இழுத்து வந்தாள். அதன் மேல் சாம்பல் நிறக் கம்பளித்துணியைப் போட்டு ஊசி குத்தத் தொடங்கினாள்.

"அடுத்த தடவை பேசினா, அந்த ஊர்ல குளிராமே, கழுத்து மூடின சட்டை தைக்கிறேன்னு சொல்லு. இளைச்சிருக்காளான்னு கேளு."

"நீயே கேளேன்டி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொம்மையின் தோளில் துணியை நீவிவிட்டாள்.

"சில பேருக்கு வேலையே இல்ல" என்று பொம்மையிடம் சொன்னாள். "நடுவுல வந்து நின்னு வெளிச்சத்த மறைக்கிறாங்க."

நான் நகர்ந்துகொண்டேன்.