மூன்றாம் ஓலை

கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படிப்பார். கேட்பவர்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். அந்த வாக்கியத்துக்கு எவரும் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததுமில்லை.

இளவேனில் நினைத்தாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு அவளுக்குப் பதினேழு வயது. அவளுடைய அப்பா செழியன், தாலி அடிமைச் சின்னம் என்று ஊர் ஊராக மேடையேறி முழங்குபவர்; மந்திரமும் புரோகிதரும் இல்லாத சீர்திருத்தத் திருமணங்களை நடத்திவைப்பவர். மேடையில் கேள்வி எழுந்தால் கூட்டத்தில் பதில் எழ வேண்டும் என்று சொல்லி மகளை வளர்த்தவர்.

ஓலையில் வந்த பெயர் சகாயசெல்வி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆத்தூர் அணைக்கரையில் இளவேனிலின் கையைப் பற்றி, "நீ இருந்தாப் போதும் வேனிலு, எனக்கு வேற யாரும் வேணாம்" என்றவள். போன வாரம் டைப்ரைட்டிங் வகுப்பின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"குஜிலியம்பாறை மாப்ள. லாரி வச்சிருக்கானாம். வேணாம்னேன், அம்மா வெளக்கமாத்தத் தூக்கிருச்சு."

"சாமிகிட்டச் சொல்லு."

"எனக்கு வாயே வராதுடி. யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்."

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து இளவேனில் எழுந்தாள்.

"தடை இருக்கு சாமி. பொண்ணுக்குச் சம்மதமில்ல."

கோயிலே திரும்பிப் பார்த்தது. செல்வியின் தாய் செபாஸ்தியம்மாள் சீறினாள்: "ஏண்டி, ஒங்க வீட்ல சாமியே கெடையாது. எங்க கோயில்ல ஒனக்கு என்னடி சோலி?"

"மைக்கக் குடுங்கப்பா, செழியன் மகள்ல!" என்றது ஓர் ஆண்குரல். சிரிப்பு அலையடித்தது.

சாமியார் தாளைத் தாழ்த்தினார். "செல்வி, நீயே சொல்லும்மா. சம்மதந்தானே?"

செல்வியின் பிடரியில் தாயின் கை இருந்தது. "சம்மதம் சாமி."

"அப்ப இந்தப் பிள்ள சொல்றது?"

"கூடப் படிச்சவ சாமி. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானா! இரண்டு ஆண்டுக் காதல் ஒரு சொல்லில் செத்துப்போயிற்று. கோழை, பொய்க்காரி என்று மனத்துக்குள் வைதுகொண்டே நடந்தாள் இளவேனில். பேகம்பூரைத் தாண்டும்போது அந்தக் கோபம் திசை திரும்பியது. பிடரியில் ஒரு கை, சுற்றிலும் முந்நூறு முகங்கள், பதிலையும் சேர்த்துவைத்த ஒரு கேள்வி! எந்தப் பெண் மறுப்பாள் அங்கே? அந்த நடுச்சபையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நான்தான். அந்தத் திருமணத்தை உறுதி செய்தவளும் நான்தான்.

அவளுக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது.

"ஊருக்கு முன்னால என்னையத் தலைகுனிய வச்சிட்டியே. அவுங்க வீட்டுக் கல்யாணத்துல ஒனக்கென்னம்மா?" என்றார் செழியன்.

"பொண்ணோட விருப்பமில்லாதது கல்யாணமே இல்லைன்னு பேசுனது நீங்கதானப்பா?"

"அவதான் சம்மதம்னுட்டாள்ல?" குரலைத் தணித்தார். "ரெண்டு பேரையும் சேத்து ஒரு மாதிரி பேசுறாய்ங்க. பரீட்ச முடியட்டும். நம்ம இயக்கத்துப் பையன் மதியழகன் இருக்கான். தாலி கெடையாது, சாதகம் கெடையாது. மாலைய மாத்தி உறுதிமொழி வாசிச்சா முடிஞ்சது."

தாலி இல்லை, சாதகம் இல்லை, மணக்கப்போகிறவளைக் கேட்கும் வழக்கமும் இல்லை! எத்தனை மேடைகள், எத்தனை கைதட்டல்கள், எத்தனை துண்டறிக்கைகள்! அவற்றில் ஒன்றிலேனும் தன்னைப் போன்ற பெண்ணுக்கு ஒரு வரி இருந்ததா?

"கோயில்ல நான் பாதிதான் சொன்னேன். மீதியக் கேளுங்க. நான் செல்விய விரும்புறேன்ப்பா. கூடப் படிச்சவளா இல்ல, காதலியா. மதியழகன் வேணாம். எந்த ஆம்பளையும் வேணாம்."

மைக் இல்லாமலே மணிக்கூண்டு வரை கேட்கப் பேசுகிற மனிதர் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு! தெருவுக்குக் கேக்கும்."

செல்வி இனி வரமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். நாளை இந்த வீடும் இருக்குமோ, இருக்காதோ. அவரை விலக்கிவிட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, முன்னைவிட உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.