பட்டன் டப்பாவில் பதினோரு நிமிடம்

1.
இந்தக் கதை ஒரு முட்டையிலிருந்து வந்தது. நிஜ முட்டையல்ல, அடுப்படியில் கிடந்த முட்டை வடிவ டைமர். இருபத்தைந்து நிமிடத்துக்கு முறுக்கிவிட்டு உட்கார வேண்டும். மணி அடித்தால் ஐந்து நிமிடம் எழுந்து திரியலாம். எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது கண்கண்ட மருந்தாம். இதோ, முறுக்கிவிட்டேன். மணி அடிப்பதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

(தலைப்புக்கே நான்கு நிமிடம் போய்விட்டது.)

2.
முதல் தொடக்கம்: “மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவன்—”

வேண்டாம். மழையே இல்லை.

இரண்டாவது: அவன் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தான். அதாவது, எழுதவில்லை. [அவன் நானில்லை. இந்த வரியை மூன்று முறை அழித்து எழுதினேன்.]

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பக்கத்து அறையில் அவளுடைய மெஷின். டைமரைக் கையில் எடுத்த அன்று செல்போனை அவளிடம் நீட்டினான்.

“மணி அடிக்கிற வரைக்கும் குடுக்காதேக்கா. நான் கெஞ்சினாலும் குடுக்காதே.”

“வீடு பத்திக்கிச்சுன்னா?”

“மணி அடிச்சதும் சொல்லு. வந்து அணைக்கிறேன்.”

“வெளங்கிரும்டா உன் படிப்பு.” சிரித்துக்கொண்டே போனைப் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.

3.
ஒரு பிற்பகல். மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம். டப்பா குலுங்கியது. அப்பா.

வேன் ஓட்டுகிறவர். “சாப்பிட்டியா?” என்று கேட்க மட்டுமே கூப்பிடுகிறவர். அக்கா பார்த்தாள். மணி அடித்ததும் பேசட்டும் என்று மூடிவிட்டாள்.

மணி அடித்ததும் கூப்பிட்டார்கள். வேறு யாரோ எடுத்தார். நெஞ்சுவலி; ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வேனை ஓரமாக, ஒழுங்காக நிறுத்தியிருந்தாராம். இண்டிகேட்டர்கூடப் போட்டிருந்தாராம்.

(அக்காவின் போனுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். நேரம் இருந்திருக்காது. கதாசிரியனுக்கும் தெரியாது.)

4.
மாற்று முடிவு: அக்கா எடுத்துவிடுகிறாள். “என்னம்மா, தம்பி படிக்கிறானா?” என்கிறார் அப்பா. இதை எழுதியும் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே போகிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று: அப்பா இரண்டாவது முறையும் கூப்பிடு—

இல்லை. ஒரே முறைதான்.

5.
துக்கத்துக்கு வந்த அத்தையிடம் அக்கா சொன்னாள்: “நான்தான் எடுக்கலை அத்தை. ஆனா அந்த நேரத்துலதான் தம்பி அத்தியாயத்தை முடிச்சான். அப்பா ஆசைப்பட்டது அதுக்குத்தானே?”

இன்றும் அதையே சொல்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. அட்டவணை போட்டுக்கொண்டிருந்தான். என்றைக்கு எதைப் படிப்பது என்று, நான்கு நிறத்தில். பட்டன்கள் குலுங்கிய சத்தம் அவன் காதிலும் விழுந்தது. அப்போது வியாழக்கிழமைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.

அத்தியாயம் முடிந்தது, இரண்டு மாதம் கழித்து.

6.
இன்று ஆய்வேடு பைண்டிங்கிலிருந்து வந்தது. அக்கா கை துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“அன்னைக்கு எழுதினியே, அது எதுடா? எனக்குப் புரியாட்டியும் பரவாயில்ல, படிச்சுக் காட்டு.”

“இருபத்தஞ்சு நிமிஷம் குடுக்கா.”

கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லப்போவதை எழுதிப் பார்க்க உட்கார்ந்தான். “அக்கா, அன்னைக்கு நான்—” அதற்கு மேல் வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதை வந்தது.

மெஷின் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். மணி அடிக்காமல் தட்டமாட்டாள். இன்னும் ஒரு நிமிடம்தான்.

சொல்வதா, பொய்யாக ஒரு பக்கத்தைக் காட்டுவதா? முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் கை முட்டையின் மேல் இருக்கிறது. மறுபடியும் முறுக்கினால், இன்னொரு இருபத்தைந்து நிமிடம் அங்கேயே நிற்பாள்.

நிற்பாள். எனக்குத் தெரியும்.