அழிக்க முடியாத குரூப்

துர்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதில் சொட்டை சொல்ல முடியாது என்பது அந்தப் பம்புசெட் மோட்டார் கம்பெனியில் பத்து வருஷப் பேச்சு. ஹெட் ஆபீஸ் விழுப்புரம், கிளை திண்டிவனம். மெக்கானிக்குகளோ மரக்காணத்திலிருந்து முகையூர் வரை மூலைக்கு ஒருவர். மோட்டார் ஓடவில்லை என்று விவசாயி போன் பண்ணுவார். துர்கா ஊரையும் பேரையும் போன் நம்பரையும் நோட்டில் குறித்து, குரூப்பில் போடுவாள். மெக்கானிக் வண்டியை எடுப்பார்.

அது வாட்ஸ்அப்பாக இருந்தவரை சந்தைக்கடைதான். ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங்குக்கும் மச்சான் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே காய்ந்துகொண்டிருக்கும் விவசாயியின் கரும்பு காணாமல் போய்விடும். முதலாளி தீனதயாளன் மூன்று ஆபீஸ் ஆப்களின் பேரை எழுதிக் கொடுத்து, "நீயே ஒண்ணு பாத்து சொல்லும்மா" என்றார். ஒன்றில் போட்டோ ஏறவே இல்லை. இன்னொன்றில் தமிழ் தட்டினால் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவதில்தான் அவள் மனசு நின்றது. அதில் போட்டதை யாரும் அழிக்க முடியாது. புதிதாக ஒருவரைச் சேர்த்தால், முதல் நாளிலிருந்து நடந்த பேச்சு முழுக்க அவர் கண்ணில் படும்.

"சொன்னத சொல்லலைன்னு இனிமே ஒருத்தரும் டபாய்க்க முடியாது சார்."

அய்யப்பனை மனதில் வைத்தே சொன்னாள். மேல்மலையனூர்ப் பக்கத்து மெக்கானிக். ஆவணியில் ஆப் வந்து கார்த்திகை முடிவதற்குள் பதினோரு முறை தாமதம். கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டி பஞ்சருங்க" என்பான். பதினோரு பஞ்சர்! அது டியூபா, சல்லடையா? துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேதிவாரியாகப் பட்டியல் போட்டு முதலாளியிடம் நீட்டினாள். அவனை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தையும் அவளே டைப் அடித்து, அன்று மதியம் அவர் மேஜையில் வைத்தாள். சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அதே மதியம்தான் திண்டிவனம் கிளையைப் பார்த்துக்கொள்ளும் வேணுவிடம், "உங்க கிளை குரூப் எல்லாத்துலயும் என்னை சேத்துடுங்க" என்று சொன்னாள். பாவி மனுஷன், அவசரத்தில் மேலிருந்து கீழே வரை டிக் அடித்துத் தொலைத்தார். ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது.

"மேடம், 'அட்ரஸ்'னு ஒரு குரூப் வந்திருக்கும். அத மட்டும் தொறக்காதீங்க. எப்படி எடுக்குறதுன்னு கேட்டு ஜல்தியா உங்கள எடுத்துடுறேன்."

"ஏன், என்னப் பத்திதான பேசிக்கினு இருக்கீங்க?"

"அது வந்து மேடம்..." என்று வேணு இழுத்தார். அது போதாதா? போனை வைத்த கையோடு திறந்தாள். திட்டியிருப்பார்கள், கிண்டல் பண்ணியிருப்பார்கள், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் செய்தி ஆவணியில் வேணு போட்டது. "மேடம் வூட்டுக்காரரு போயி ஒரு மாசம்தான் ஆவுது. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வேலைக்கு வந்துட்டாங்க. முந்தின நாள் அட்ரஸையே திரும்ப போட்டுடறாங்க. யாரும் அவங்கள கேக்காதீங்க. பார்ட்டிக்கு நாமளே போன் பண்ணிப்போம்."

கீழே கோட்டக்குப்பம் ஜகபர் சாதிக்: "இன்னைக்கு மரக்காணம்னு போட்டாங்க. பார்ட்டி இரும்பை. நான் பாத்துக்கிறேன்."

அதற்கும் கீழே அய்யப்பன்: "பேஜாராயிடுச்சு. பார்ட்டி போன் எடுக்கலன்னு நேரா மேல்மலையனூர் வந்து கோயில் அமாவாசை கூட்டத்துல மாட்டிக்கினேன். இப்பதான் கூப்புடுறாரு, முகையூராம். முதலாளி கேட்டா பஞ்சர்னு சொல்லிக்கிறேன்."

இருக்காது. இருக்கவே இருக்காது. துர்கா நோட்டை இழுத்துப் புரட்டினாள். அந்தத் தேதியில் அவள் கையெழுத்து முகையூர் என்றது. ஆப்பில் அவளே போட்டது மேல்மலையனூர் என்றது. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி. பதினொன்றும் அப்படியே. நோட்டை மெல்ல மூடினாள். நான்கு மாதமாக ஒரு ஜில்லாவே தன்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிச் செய்தி அன்று காலை அய்யப்பன் போட்டது. "முதலாளி போன்ல சொன்னாரு, நாளையிலேர்ந்து நான் இல்ல போல. மேடத்துக்கு ஒண்ணும் தெரிய வேணாம், அவங்களுக்கும் இந்த வேலைய வுட்டா வேற இல்ல. என் எடத்துக்கு யாரு வந்தாலும் அட்ரஸ் விஷயத்த சொல்லிடுங்க."

"துர்கா!" உள்ளிருந்து முதலாளி கூப்பிட்டார். போனாள். அவர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். "லெட்டர் சரியா இருக்காம்மா? பேரு, தேதி எல்லாம்?"

பத்து வருஷப் பேர், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எல்லாம் கண் முன்னே வந்து நின்றன. போனை எடுத்தாள். 'அட்ரஸ்' குரூப்பில் ஆள் சேர்க்கும் இடத்தை அழுத்தி, தீனதயாளன் என்ற பேருக்கு நேரே டிக் போட்டாள்.

மேஜைமேல் அவர் போன் ஒலித்தது. "என்னம்மா இது, புது குரூப்பா?"

"மொதல்லேர்ந்து படிங்க சார்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை அவர் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டாள்.