காற்று போகும் பக்கம்

மகள் கதவடியில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓரம் ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் கையைப் பார்க்க மனம் தாங்கவில்லை. அப்படியே அவள் அம்மாவின் கை.

கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள்.

காலையில் அவர் அவள் பக்கத்தில்தான் இருந்தார். குழாய் போடுவதற்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால், வருகிறவர்கள் காலோடு புழுதியும் வந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்து, அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு நர்ஸ்தான் மருந்தை உறிஞ்ச வைத்து இந்த அறைக்குள் கொண்டுவந்து விட்டாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டும் போனாள். அவளைக் கொண்டுபோக மாலையில் வண்டி வந்துவிடும். அதுவரைகூடப் பக்கத்தில் உட்கார முடியாதென்றால் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்ன பிரயோஜனம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"கதவை லேசாத் திறந்து வையேன். இங்கேருந்தே பாத்துக்கிறேன்."

"வேணாம்பா. இன்னிக்கு உங்களையும் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பில்ல."



பாதி ஆயுளைப் பஞ்சாலையில் கழித்தவர் அவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் குடியேறிவிட்டது, காலி பண்ணச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது என்று தானே கேலி பேசுவார். மனைவிக்கு அணுமின் நிலையத்தில் வேலை. அங்கே உள்ளிருந்து வெளியேறும் காற்று, வரிசையாக நிற்கும் வடிகட்டிகளைத் தாண்டாமல் வெளியே வரக் கூடாது. அவள் முகமூடி மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு வடிகட்டியின் ரப்பர் விளிம்பையும் பார்த்துக்கொண்டே போவாள். நடுவில் ஒன்றும் ஆகாது, காற்று ஓரத்தில்தான் திருட்டுத்தனம் பண்ணும் என்பாள். அளப்பதற்கு ஆயிரம் கருவி இருந்தாலும், அறைக்கு அறை காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவளுக்கு ஒரு துண்டு நூல் போதும். அவர் ஆலையிலிருந்து கொண்டுவந்து போட்ட நூல் அது. அதனாலேயே அங்கே எல்லோருக்கும் அவள் நூலக்கா. அக்கா வீட்டுக்காரரையும் நூல் விட்டுத்தான் பிடித்தார்களாம் என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்கள். அவளும் ஆமாம் என்பாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். இந்த அறையின் ஜன்னல் விளிம்புக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, சுவரில் வடிகட்டி வைத்து, அடிக்கடி நூலைப் பிடித்துப் பார்ப்பாள். அவர்தான் முதலில் போவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும்தான். நேற்று வேலையிலிருந்து திரும்பி, ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாதவள் முந்திக்கொண்டாள்.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் ஆட்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உடனே மூடிக்கொண்டது. உள்ளே வந்தவன் முதலில் குனிந்து ஈரத்துண்டைச் சரியாக வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

அவனுக்குத் தாடி என்று பேர். முகத்தில் ஒரு முடி இருக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது என்று நூலக்காதான் அவனைச் சவரம் செய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவன் அழுதுகொண்டே போனதை அவள் வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

இப்போதும் அவன் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பேச்சு வேறாக இருந்தது. முன்னறைக்கு எத்தனை ஜன்னல், வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மகளிடம் விசாரித்துவிட்டு அவரிடம் திரும்பினான்.

"மாமா, அக்கா பக்கத்துல உக்காரணுமா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் உக்காரலாம். நாங்க பாத்துக்கிறோம்."

வெளியே போனவன் திரும்பி வரும்போது இன்னொருவரோடு சேர்ந்து, பீரோவைப் பாதியாக வெட்டியதுபோல் காற்றை வடிகட்டும் ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான். வாசலிலேயே அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், மறித்துக்கொண்டார். அணு ஆலைச் சாமானைச் சாவு வீட்டுக்குள் கொண்டுவருவதா, ஒரு சாவு போதாதா என்று அவர் போட்ட சத்தம் உள்ளறைவரை கேட்டது. இது பயிற்சி அறையில் புது ஆட்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தது, ஆலைக்குள் போனதே இல்லை, மேலதிகாரியைக் கேட்டுத்தான் எடுத்து வந்தோம் என்று தாடி பொறுமையாகச் சொன்னான். மச்சான் மசியவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவர், யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

உள்ளே கட்டிலில் இருந்தவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"மச்சான், அங்கேருந்துதான் உங்க தங்கச்சி தினம் வீட்டுக்கு வந்தா. உள்ள விடுங்க."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டார்.

மெஷினை உள்ளறையில் வைத்தார்கள். அங்கிருந்து வடிகட்டிய காற்று நடுக்கதவு வழியாக முன்னறைக்குப் பாய்ந்து, அவரைத் தாண்டி, அவளைத் தாண்டி, வாசலுக்குப் போக வேண்டும். எப்போதும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு. அவள் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம். நடுக்கதவு நிலையில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, மெஷின் குழாய்க்கு மட்டும் துளை விட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார்கள். ஜன்னல்களை அடைத்து, வாசல் கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். விரிப்புக்கு முன்னால் அவருக்கு நாற்காலி, அதையொட்டி அவள் கட்டில். வருகிறவர்கள் வாசல் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் தாடி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து நாற்காலிக்குமேல் பிடித்தான். நூல் வாசலைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து நடுங்கியது. ஓரங்களை ஒரு சுற்று தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் முகம் வாடியது. நர்ஸ் வேறு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த நூலையே பார்த்தார். இப்படிச் சாயும்போது அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். சமையல் நடக்கும் நேரத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

"அடுப்படியில ஃபேன் ஓடுதா பாரு," என்றார் மகளிடம்.

யாரோ டீ போடப் போனவர்கள் புகை போக்கும் ஃபேனைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அது தெருக்காற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மகள் ஓடிப்போய் நிறுத்தினாள். நூல் ஒரு கணம் தொங்கியது. பிறகு மெல்ல எழுந்து வாசலைப் பார்த்து நீண்டது.

தாடி அதை நாற்காலியின் கையில் கட்டிவிட்டு, மாமா உட்காரலாம் என்றான்.

உட்கார்ந்தார். முதுகில் குளிர்ச்சியாகக் காற்று பட்டது. மூச்சை இழுத்துப் பார்த்தார். விசில் வரவில்லை. நர்ஸ் கொஞ்ச நேரம் அவர் நெஞ்சைக் கவனித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர் மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முகமூடிப் பட்டை அழுத்தி அழுத்தி அவள் காதோரம் விழுந்திருந்த தழும்பு இன்னும் அப்படியே இருந்தது.

"ரொம்ப நன்றிப்பா," என்றார் தாடியிடம்.

"எங்களுக்கு எதுக்கு மாமா," என்று அவன் நகர்ந்துவிட்டான்.

கட்டின நாளாக அவளிடம் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. வீட்டுக்குள் யார் அப்படியெல்லாம் பேசுகிறார்கள். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஆலையை விட்டு வந்தபின் அவர் இழுத்த மூச்சு அத்தனையும் அவள் பார்த்துப் பார்த்து வடிகட்டித் தந்தது. பேரப்பிள்ளைகளைத் தூக்கியதும், ராத்திரி முழுக்கத் தூங்கியதும், அவளோடு சண்டை போட்டதும்கூட அந்த மூச்சில்தான். அவருக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. அழுதார். தாராளமாக, இருமாமல் அழுதார். அது முடிந்ததும் குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மச்சான் வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டீ ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார்.

மாலையில் வண்டி வந்தது. தாடியும் மச்சானும் தலைமாட்டில் பிடித்துக்கொண்டார்கள். புழுதிக்குள் அவர் போக முடியாது. அதற்காக யாரோடும் வாதாடவில்லை. கடைசிவரை பிடித்திருந்த கையை அவராகவே விட்டார்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு மகள் உள்ளே வந்தாள். கூட்டம் கலைந்திருந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது.

"மெஷினை நிறுத்திடவாப்பா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்."

நாற்காலியின் கையில் கட்டிய நூல், காலியான கட்டிலுக்குமேல், வாசலைப் பார்த்து நீண்டிருந்தது.