ஆறாவது மீட்டரில் ஒரு கல்

யால்ஷா ஓடை மலையிலிருந்து இறங்கும்போது ஒழுங்காகத்தான் இறங்குகிறது. ஸாக்ரெப் நகரத்துக்குள் நுழைந்து டிராம் பணிமனையைத் தாண்டியதும் அதற்குப் போதாத காலம் பிடித்துவிடுகிறது. சைக்கிள், மெத்தை, டயர் என்று வீட்டில் வேண்டாததெல்லாம் அதன் தலையில்தான் விழும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருக்கிறது. ஒரு வருடம் தொண்டு செய்வதாக நெவென்கா அதில் கையெழுத்துப் போட்டாள். ஓடைமேல் பாசம் என்றெல்லாம் எதுவும் இல்லை. மகன் தாமிர் கார் விபத்தில் போய் மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குள் தனியாக உட்கார அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

குப்பை பொறுக்குவது, களை பிடுங்குவது போக, மாதம் ஒருமுறை நீரோட்டத்தின் வேகத்தையும் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆட்களும் ஒரு ஆரஞ்சுப் பழமும் போதும். பத்து மீட்டர் தூரத்தில் மேலே ஒருவர் பழத்தை விட்டு "விட்டேன்" என்று கத்துவார். கீழே இருப்பவர் நேரம் பார்த்து, வலைக்கரண்டியால் பழத்தைப் பிடித்து "பிடிச்சேன்" என்பார். மூன்று முறை செய்து படிவத்தில் எழுதினால் வேலை முடிந்தது.

யாருக்கு யார் ஜோடி என்று முடிவு செய்பவர் சங்கத்துச் செயலாளர் க்ரூனோ. எதையும் படிவத்தில் ஏற்றாமல் நம்பாத மனிதர். இடக்கரைப் பட்டியலில் ஷிமுனெட்ஸ் என்ற குடும்பப் பெயர், வலக்கரைப் பட்டியலிலும் அதே பெயர். ஒரே குடும்பம், நல்லதாகப் போயிற்று என்று மனிதர் சேர்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏப்ரல் மாதக் காலையில் நெவென்கா ஓடைக்கு வந்தால், கையில் ஆரஞ்சோடு நின்றது மருமகள் மோரானா.

இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாமிரின் முதல் நினைவுநாளன்று மோரானா கல்லறைக்கு இகோர் என்பவனின் காரில் வந்தாள். பாவம், அவன் உள்ளேகூட வரவில்லை, வாசலிலேயே நின்றான். அப்போது நெவென்கா உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "மெழுகுவத்தி அணையறதுக்குள்ள அடுத்தவன் வண்டில ஏறிட்டியா?" என்று கேட்டாள். மோரானா மெழுகுவத்தியை வைத்தாள், போய்விட்டாள். அன்று ராத்திரியே நெவென்காவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் போன் செய்யக் கை வரவில்லை. வீம்பு. தாமிரின் பெயரைச் சொல்லிப் பேச இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பெண்தான். அவளையும் தானே விரட்டிவிட்டோம் என்று தெரிந்தும் வீம்பு.

"வேற யாராவது இருந்தா மாத்தி விடுங்களேன்" என்றாள் மோரானா, க்ரூனோவிடம்.

"படிவம் எழுதியாச்சேம்மா" என்றார் அவர்.

அப்படியாக ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர்கள் பேசிக்கொண்டது இரண்டே வார்த்தை. விட்டேன். பிடிச்சேன். ஒவ்வொரு முறையும் மோரானா கரையோரமாகப் பத்து மீட்டர் நடந்து வருவாள், நெவென்கா ஈரப் பழத்தை அவள் கையில் வைப்பாள், அவள் திரும்பிப் போவாள். மூன்றாவது முறை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஜூன் மாதம் மூன்றாவது முறையும் பழம் சொன்னபடி கேட்டு வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு விநாடி. மோரானா வந்து கை நீட்டினாள். அவள் விரல்களைப் பார்த்தபோது நெவென்காவின் வாய் தானாகச் சொன்னது: "இது செல்லாது. கல்லுல தட்டிடுச்சு."

"எங்க?"

"அங்க... ஆறாவது மீட்டர்ல."

மோரானா ஓடையைப் பார்த்தாள். கணுக்கால் தண்ணீர், அடியில் மணல் பளிச்சென்று தெரிந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு போனாள். 'தடை: ஆறாவது மீட்டரில் கல்' என்று நெவென்கா கூசாமல் படிவத்தில் எழுதினாள். அறுபத்தாறு வயதில் முதல்முறையாக, கையெழுத்துப் போடும் ஒரு தாளில் பொய்.

ஒருமுறை ருசி கண்டால் விடுமா? ஜூலையில் ஐந்து முறை, செப்டம்பரில் எட்டு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு வாக்கியமாவது கூடியது.

"கை சில்லுனு இருக்கே."

"கையுறை இருக்கு. போட்டா பழம் வழுக்குது."

இன்னொரு நடையில் மோரானா, நெவென்காவின் கையைப் பார்த்து: "அந்த ஸ்டாப் வாட்ச் அவரோடதுதானே?"

"ஆமா. தாமிர் நீச்சல் சொல்லிக்கொடுத்த பசங்களுக்கு நேரம் பார்ப்பானே, அது."

"ஒரு செகண்ட் லேட்டா அமுக்குவாரு. பசங்க அழுவாங்க."

நெவென்கா சிரித்துவிட்டாள். பிறகு அழுகை வரும் போலிருந்தது, குனிந்து தண்ணீரில் முகம் கழுவுவதாகப் பாவனை செய்தாள். அந்தத் தண்ணீரில் யாரும் முகம் கழுவ மாட்டார்கள்.

ஆனால் அந்த ஒரு மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. அடுத்த நடையில் கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். பழம் வரும், கை மாறும், போய்விடும்.

நவம்பர் கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் சுற்றிலேயே பழம் பாதி வழியில் திடீரென்று ஒதுங்கிச் சுழன்றது. பொய் சொல்லிச் சொல்லிக் கண்ணுக்கும் பழகிவிட்டது என்று நெவென்கா தன்னையே திட்டிக்கொண்டாள். இலை உதிர்ந்து தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் அடி தெரியவில்லை.

பிப்ரவரியில் க்ரூனோ கோப்பும் கையுமாக வந்தார். "எல்லாரும் மூணு வரி எழுதறாங்க. உங்க தாள்ல மட்டும் பதினொண்ணு! ஏப்ரல்லேர்ந்து இங்க கருவி வெக்கப் போறோம். ஆரஞ்சும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அதுக்கு முன்னாடி அந்தக் கல்லை எடுத்தாகணும். மார்ச் கடைசி சனிக்கிழமை கடப்பாரையோட வர்றேன்."

நெவென்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இல்லாத கல்லை எங்கே போய்த் தேடுவார்? இத்தனை மாதமாகத் தன்னை ஏமாற்றி நடக்க வைத்தாள் கிழவி என்று மோரானாவுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வருவாளா? கருவி வந்தால் வரக் காரணமும் கிடையாது. நாமே ஒரு கல்லைக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஒரு ரொட்டியைவிடக் கனமான எதையும் தூக்க முட்டி ஒத்துழைக்கவில்லை.

மார்ச் கடைசி சனிக்கிழமை. பனி உருகி ஓடை முழங்காலுக்கு ஓடியது. க்ரூனோ தொடை வரை ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கினார். மோரானா அளவு நாடாவைப் பிடித்தபடி கரையில் நின்றாள்.

"எங்கம்மா உங்க கல்லு?"

நெவென்கா தண்ணீர் ஓரம் வரை வந்தாள். "க்ரூனோ, மேல வாங்க. நான் ஒண்ணு சொல்லணும். கல்லுன்னு எதுவும்..."

ணங் என்றது கடப்பாரை.

"இதோ இருக்கே! சரியா ஆறாவது மீட்டர்!" மனிதருக்கு ஒரே சந்தோஷம். படிவம் பொய்க்கவில்லை அல்லவா. குனிந்து இரண்டு கையாலும் தூக்கிக் கரையில் வைத்தார்.

உருண்டைக் கல், சாம்பல் நிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நெவென்கா அதை உலகத்தின் எந்த மூலையில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். முட்டைக்கோஸ் புளிக்கப் போடும் பீப்பாயில் மேலே பாரம் வைக்கிற கல். அவள் அம்மா வைத்திருந்தது, பிறகு இவள் வைத்திருந்தது. தாமிரும் மோரானாவும் தனிக்குடித்தனம் போனபோது துணியில் சுற்றி இவள்தான் மருமகள் கையில் கொடுத்தாள்.

"இது... இங்க எப்படி?"

மோரானா நாடாவைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "நவம்பர்ல நான்தான் போட்டேன்."

"ஏன்டி?"

"இவர் என்னைக்காவது வந்து தேடுவாருன்னு தெரியும். நீங்க பொய் எழுதினதா ஆகக் கூடாதில்ல."

"அப்போ ஜூன்லயே..."

"ஜூன்ல கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், அத்தை."

அத்தை. இரண்டு வருடமாக, ஏன், மூன்றாவது வருடமாகக் காதில் விழாத வார்த்தை. நெவென்கா ஈரக் கரையிலேயே அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்குக் கல்லறைல நான் பேசினது பேச்சே இல்ல, மோரானா. என்னை மன்னிச்சிடு. சொல்லணும் சொல்லணும்னுதான் உன்னை அத்தனை நடை நடக்க வெச்சேன்."

"அதான் நடந்தேன்" என்றாள் மோரானா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

க்ரூனோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லைப் புதர்ப் பக்கம் உருட்டிவிடலாம் என்று குனிந்தார்.

"அதைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்று அதட்டினாள் நெவென்கா. பிறகு மருமகளிடம், "அப்போ இந்தக் குளிர்காலம் கோஸே போடலையா நீ?"

"கல்லு இல்லாம எப்படிப் போடறது?"

நெவென்கா கல்லின் சேற்றை மேலங்கி நுனியால் துடைத்தாள். நிதானமாக, வெள்ளைக் கோடு தெரியும்வரை துடைத்தாள். "இகோருக்குப் புளிச்ச கோஸ் பிடிக்குமா?"

அந்தப் பெயரை அவள் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. மோரானா தலையை ஆட்டினாள்.

"என் பீப்பாய்ல பாதி அப்படியே கிடக்கு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வாங்க."

"யாராவது எனக்கும் சொல்லுங்க" என்றார் க்ரூனோ, ஈரக் கையில் பேனாவோடு. "படிவத்துல நான் என்னன்னு எழுதறது?"

"கல் இருந்தது, எடுத்தாச்சுன்னு எழுதுங்க" என்றாள் நெவென்கா. அவர் எழுதினார். கீழே ஷிமுனெட்ஸ் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.