மெலிஸின் ஞானஸ்நானம்

மெலிஸ் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன். அவன் நரின் ஆற்றில் முங்கி எழ நான் விடப்போவதில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் கேட்பவர் எல்லார் முன்னாலும் நின்று சாட்சி சொல்ல வேண்டும். சபையார் கேள்வி கேட்கலாம். கடைசியில் கை தூக்குவோம். முப்பத்தோரு பேரில் ஒரு கை குறைந்தாலும் ஆற்றுக்குப் போக முடியாது. இதுவரை குறைந்ததில்லை. கேள்வியும் யாரும் கேட்டதில்லை. சமையலறையில் போர்சோக் மாவுத் துண்டுகள் எண்ணெயில் பொரிகிற வாசம் வந்துவிட்டால் யாருக்குப் பொறுமை?

என் அக்கா சய்கால் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளை மெலிஸும் மூன்று நண்பர்களும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவன் வீட்டுப் பெண்கள் அவள் தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டினார்கள். எங்கள் ஊரில் அந்த முக்காடு விழுந்தால் கல்யாணம் முடிந்தது. சமாதானம் பேச அவர்கள் அனுப்பிய ஆட்டை எங்கள் அப்பா அறுத்துத் தின்றார். மூன்று வருடம் கழித்து அக்கா திரும்பி வந்தபோது அவளுடைய இடது கை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று ஊரே சொல்லும். அது அவளுடைய இடம்.

நான் விசுவாசத்துக்கு வந்து நான்கு வருடம். எத்தனையோ பாவங்கள் என்னை விட்டுப் போயின. மெலிஸ்மேல் இருந்த வெறுப்பு மட்டும் போகவில்லை. போகச் சொல்லி நானும் கேட்கவில்லை.

சாட்சி சொல்லும் ஞாயிறன்று அவன் சபை முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "பழைய மெலிஸ் செத்துட்டான்" என்றான்.

நான் எழுந்தேன். "செத்தவன் எங்க அக்கா கைய நேராக்கிட்டுச் செத்தானா?"

"ஜிபெக், உக்காரும்மா" என்றார் போதகர் கனிபெக்.

"கேள்வி கேக்கலாம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? மெலிஸ், இப்பவும் கோவம் வருதா? கை ஓங்குதா?"

இல்லை என்று சொல்வான், சொன்னதும் கிழித்துத் தொங்கவிடலாம் என்று காத்திருந்தேன்.

"வருது" என்றான். "நேத்துகூட வந்துச்சு. கைய பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு வெளிய போயிட்டேன். மனம் திரும்பினா இதெல்லாம் நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல."

என்மேல் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. விடவில்லை. "இங்க நின்னு அழுறது சுலபம். எங்க அக்கா வாசல்ல போய் நின்னியா?"

"போனேன். நாய அவுத்து விட்டுட்டா."

"எங்க கடிச்சுது?"

அவன் காதுவரை சிவந்தான். "உக்கார்ற எடத்துல."

சபையே சிரித்தது. போதகரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாயை நினைத்துச் சிரித்தேன். அக்கா இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாளே என்று அவள்மேல் கோபமும் வந்தது.

"அவ மன்னிக்கல" என்றான் மெலிஸ். "மன்னிக்க வேண்டியதில்லன்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்."

கைகள் உயர்ந்தன. போதகர் எண்ணினார். முப்பது.

"ஜிபெக்?"

என் கை மடியிலேயே கிடந்தது.

"அவன் பாவத்த ஒத்துக்கிட்டான்மா. உன் மனசுல என்ன இருக்கு?"

"அவன் மனசுல இருக்கிறதுதான் அண்ணே. அடிக்கணும்போல இருக்கு. அவனுக்கு பாக்கெட் இருக்கு. எனக்கு தூக்காம வச்சிருக்க இந்த ஒரு கைதான் இருக்கு."

அவர் வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "பகைய வச்சுக்கிட்டு யாரும் திருவிருந்து அப்பத்துல கை வைக்கக் கூடாது. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"அப்போ பின் பெஞ்சுக்குப் போ. ஞானஸ்நானம் ஆகாதவனுக்கும் அதுதான் எடம்."

போனேன். மெலிஸும் வந்தான். அந்தப் பெஞ்சில் இருவர்தான் உட்கார முடியும். அப்பத்தட்டு எங்களைத் தாண்டிப் போனது. அவன் தலையைக் குனிந்து ஜெபித்தான்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காரு" என்றேன்.

அவன் நகர்ந்தான். கடிபட்ட இடம் பலகையில் உரசியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். எனக்கு இனித்தது. அது பாவம் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் கை தூக்க மாட்டேன்.