இரண்டு குரல்

சோமசுந்தரம் மஸ்கெலியாவை ஒட்டிய தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தபாலிலேயே படித்து லண்டன் பட்டம் வாங்கியவன். இனி மேல்படிப்புக்கு இடம் கிடைக்கக் கொழும்பில் பரீட்சை எழுதவேண்டும். மற்றதையெல்லாம் சமாளித்துவிடுவான். இங்கிலீஷ் சொற்பகுதிதான் பயமுறுத்தியது. ஒரு சொல்லைக் கொடுப்பார்கள், எதிர்ச்சொல்லைச் சொல்லவேண்டும்.

கேள்வி கேட்கத் தொழிலாளர் லயத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள்? தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா கொழுந்துக்காரி மகனோடு இங்கிலீஷ் பேசமாட்டார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மலை உச்சிப் பாறையில் போய் உட்கார்ந்து, கனத்த குரலில் தானே கேட்டு, மெலிந்த குரலில் தானே பதில் சொல்லிக்கொண்டான்.

கீழே கொழுந்து பறித்தவர்கள் காதில் அது விழுந்துவிட்டது.

“ஏ வேலாயி, ஒம் மகன் வாயில ரெண்டு பேரு பேசுறாங்கடி. ஒருத்தன் அதட்டுறான், ஒருத்தன் கெஞ்சுறான்!”

“தொரைப் பேயாத்தான் இருக்கும்,” என்றாள் மீனம்மா. “இங்கிலீசுல்ல பேசுது!”

வேலாயி பதறிப்போய் மகனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனாள். அம்மா மனசு ஆறட்டும் என்று அவனும் கையை நீட்டினான். மந்திரித்த கயிறு என்றுதான் நினைத்தான். பூசாரி கந்தப்பன் கட்டியது திருவிழாக் காப்பு.

“இனிமே தேரு முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது வாத்தியாரே. தாண்டுனா ஆத்தா கோவிச்சுக்குவா.”

பரீட்சை தேருக்கு முந்தின நாள்.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா,” என்றான் வீட்டுக்கு வந்ததும். “கேள்வி கேக்க ஆளில்லாம நானே கேட்டுக்கிட்டேன்.”

“என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா.”

“பக்கத்துல ஒக்காரத் தெரியும்ல?”



மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்த கையோடு வேலாயி கோயிலுக்குப் போனாள். “நான் சொல்லித்தான கட்டுனீங்க? அவுத்து எங் கையில கட்டுங்க பூசாரி. அவனுக்குப் பதிலா நான் கெடக்குறேன்.” கந்தப்பன் தலையைச் சொறிந்தார், அம்மனைப் பார்த்தார், கட்டினார்.

அட்டன் ஸ்டேஷன் வரை கூட வந்து ரயில் ஏற்றுவதாக இருந்தவள், புறப்படும் நாளில் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

“போயிட்டு வா ராசா.”

அவன் மட்டும் பாலம் தாண்டி பஸ் ஏறினான். பஸ் வளைவில் திரும்பும்வரை மஞ்சள் கயிறு கட்டிய கை தெரிந்தது. பிறகு பனிமூட்டம்தான்.

கனத்த குரல் கேள்வி கேட்டது. மெலிந்த குரல் பதில் சொன்னது. பக்கத்தில் இருந்தவர் அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, மெல்ல எழுந்து பின் சீட்டுக்குப் போனார்.